முகம் எடுப்பதற்கு முன்

ஓவிய டீச்சருக்கு வரைவது என்றால் அழிப்பதுதான். தாள் முழுக்கக் கரியை அப்பிக் கன்னங்கரேலென்று ஆக்கிவிட்டு, ரப்பரால் தேய்த்துத் தேய்த்து வெளிச்சத்தை வெளியே எடுப்பாள். இந்த முறை ஆள் உயரத் தாள். பஸ் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கும் துப்புரவுக்காரி. கை வந்துவிட்டது, கால் வந்துவிட்டது. முகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தாள். ஊரார் பிள்ளைகளின் கோணல் மூக்குகளைத் திருத்தியே தலை நரைத்த பிறகு, முதல் தனிக் கண்காட்சி. நடுச்சுவருக்கு இந்தப் படம். கேலரிக்காரம்மா அன்று மாலை பார்க்க வருவதாக இருந்தார்.

வகுப்பு முடித்துத் தன் அறைக்குள் நுழைந்தவளுக்கு மருந்து நெடி மூக்கில் ஏறியது. கரியைத் தாளோடு ஒட்டவைக்கும் ஸ்ப்ரேயின் காலி டப்பாவோடு துறைத் தலைவர் படத்தின் முன்னால் நின்றிருந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் வார்னிஷ். கண்ணில் பட்டதற்கெல்லாம் பூச்சு அடித்துவிடுவார்.

"கரி உதிர்ந்துட்டே இருந்துச்சும்மா. நல்லா கெட்டியா அடிச்சுட்டேன். இனி பொட்டுத் தூசி கொட்டாது."

அவள் ரப்பரை முகத்தில் அழுத்தினாள். வழுக்கியது. கத்தி முனையால் சுரண்டினாள். தாள் பிய்ந்ததே தவிர இருட்டு போகவில்லை.

"முகம் இன்னும் எடுக்கலையே சார்."

இருட்டும் ஒரு அழகுதானே, நல்லது செய்யப்போய் எனக்குப் பொல்லாப்பா என்று அவர் பழைய பாட்டைப் பாடினார். அவள் வெளிச்சத்துக்காக உட்கார்ந்து வரையும் ஜன்னலை அவர் பலகை அடித்து மூடியதும் இதே நல்லதுக்குத்தான். காலை வகுப்பெல்லாம் அவள் தலையில் விழுந்ததும் நல்லதுக்குத்தான். இத்தனை காலம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கேலரிக்காரம்மா வந்தார். படத்தைப் பார்த்தார். முகமே இல்லாமல் விட்டது என்ன துணிச்சல், ஏழைக்கு ஏது முகம் என்றல்லவா கேட்கிறது என்று உருகினார். வார்னிஷ் மீசைக்குள் சிரித்தார்.

பெஞ்சில் தூங்கியவளின் முகம் டீச்சர் கண்முன் நின்றது. கடைவாயில் எச்சில் கோத்து, ஒருத்தர் ஏவலும் காதில் விழாத முகம் அது.

"அவளுக்கு முகம் இருக்கும்மா. நான் பாத்திருக்கேன். இதை என் பேர்ல மாட்டாதீங்க."

திறப்பு நாளுக்குள் வேறு படம் வராவிட்டால் நடுச்சுவர் இன்னொருவருக்குப் போய்விடும் என்று கேலரிக்காரம்மா நாசூக்காகச் சொன்னார். போனால் போகட்டும் என்றாள். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"கைக்கு எட்டினதை நீயே தட்டிவிடுறியேம்மா. உன் நல்லதுக்குத்தானே..." என்று ஆரம்பித்தார் வார்னிஷ்.

அவள் ஆணிகளைப் பிடுங்கிப் படத்தை இறக்கினாள். புதுத் தாளை ஆணியடித்து மாட்டினாள். கரிக்கட்டியை வைத்து இழுத்த இழுப்பில் அது இரண்டாக ஒடிந்தது. பெரிய துண்டை எடுத்துக்கொண்டாள்.

"சார், வெளிய போய் கதவைச் சாத்துங்க."