எழுபத்திரண்டு வயது மகன்

மேலக்கரட்டூர் கோர்ட்டில் கஞ்சா வைத்திருந்த வழக்குக்கு வயதைப் பார்த்துத்தான் தண்டனை. எந்த வயதில் கூண்டில் ஏறுவது என்பது மாட்டிக்கொண்டவர் இஷ்டம். பதினெட்டுக்குக் கீழே என்றால் படித்த பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போய்ப் படிக்க வேண்டும். பதினெட்டிலிருந்து எழுபது வரை பத்து வருஷம் உள்ளே. எழுபதைத் தாண்டியவர்களுக்கு ஒரு டம்ளர் டீயும் கொஞ்சம் புத்திமதியும். கேட்டு வாங்கிய வயதை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியாது.

பால் சொசைட்டியில் பால் அளக்கும் மங்கையர்க்கரசிக்கு ஒரே மகன் இளம்பரிதி, இருபத்து மூன்று வயது. செக்போஸ்ட்டில் அவன் தோள்பையைத் திறந்தபோது ஒன்றேகால் கிலோ இருந்தது. வக்கீல் தணிகாசலம் பதினேழு கேட்கச் சொன்னார். பதினேழு என்றால் பிளஸ் டூ கணக்குப் பரீட்சையை மறுபடி எழுத வேண்டும். அதில் மூன்று முறை கோட்டை விட்டவன் யோசித்துப் பார்த்துவிட்டு எழுபத்திரண்டு என்றான். குமாஸ்தா பதிவேட்டில் எழுதிக்கொண்டார். டீ குடித்துப் புத்திமதி கேட்டு, சாயங்கால பஸ்ஸில் ஊன்றுகோலோடு வந்து இறங்கினார் இளம்பரிதி.

பிள்ளை ஜெயிலுக்குப் போகவில்லையே என்று மங்கை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அந்த நிம்மதி இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் வாசலில் நின்று, வெயிலில் எங்கேடா சுற்றுகிறாய் என்று வழக்கம்போல் அவள் சத்தம் போட்டதை எதிர்வீட்டு லூர்துமேரி கேட்டுவிட்டாள்.

"வயசுல மூத்தவரப் போயி வாடா போடாங்கிறியே மங்கை, நல்லாவா இருக்கு?"

நியாயம்தான். மங்கைக்கு நாற்பத்தாறு. அன்றிலிருந்து வாங்க, உட்காருங்க என்று பேசப் பழகினாள். அவர் முதலில் சாப்பிட்டு எழுந்தபின் தான் உட்கார்ந்தாள். சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்கட்டில் நின்றவள், பெரியவர் தலையில் சின்னவள் கை வைக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து, கிண்ணத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தாள். அவரும் முறை தெரிந்தவர். தன்னைவிட இருபத்தாறு வயது சின்னவளை அம்மா என்றா கூப்பிடுவார்? "மங்கை, கொஞ்சம் வெந்நீர் வை" என்பார். ஊரில் காதுகுத்து, கல்யாணம் என்றால் அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். புதுப்பெண்கள் காலில் விழுந்தார்கள். அவளும் ஒரு முறை விழ வேண்டியிருந்தது.

பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். பக்கத்து அறையில் அவர் இருமிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அவனைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஒரே ஒரு தடவை வாய் நிறைய டா போட்டுத் திட்ட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

வீட்டைச் சோதனை போட்டவர்கள் அரிசி டிரம்முக்குள் மட்டும் கைவிடாமல் போயிருந்தார்கள். அதில் இன்னொரு பொட்டலம் இருந்தது. மங்கை அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். எழுதிக்கொண்டு கோர்ட்டுக்கு அனுப்பினார்கள்.

எழுபத்திரண்டோடு, அவனைப் பெற்றபோது தனக்கிருந்த இருபத்து மூன்றைக் கூட்டி வைத்திருந்தாள். தொண்ணூற்றைந்து வேண்டும் என்றாள். குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார்.

"தொண்ணூறெல்லாம் போன வாரமே தீந்துருச்சும்மா. தாய்மாருங்க வரிசையா வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. எழுபத்து மூணு ஒண்ணே ஒண்ணு கிடக்கு."

மங்கை விரல் விட்டுப் பார்த்தாள். ஒரு வருஷம் மூப்பு. டா போடுவதற்கு அது போதும். பின்னால் மஞ்சள் பையோடு நின்றிருந்த இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாள். டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. புத்திமதி பாதிதான் காதில் விழுந்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இளம்பரிதி வாசல் நாற்காலியில் இருந்தான். முழங்கால் வலியோடு கிட்டப் போய், அவன் நரைத்த தலையில் கை வைத்தாள்.

"டேய், இந்நேரம் வரைக்கும் சாப்பிடாமயாடா உக்காந்திருக்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது. எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டான்.

"நீ வரட்டும்னுதான் இருந்தேன், அக்கா" என்றான்.