ரொட்டியைப் பிடித்துச் சொல்லுங்கள்

காலை ஏழு மணிக்குள் பன்னிரண்டு மூட்டை சாந்து குழைத்தாக வேண்டும். நிலக்கரிப் புகை பிஷ்கேக் நகரைச் சூழ்ந்த மலைகளை மறைத்துக்கொண்டு நின்றது. அக்டோபர் குளிரில் வாளித் தண்ணீரின் மேல் மெல்லிய பனித்தோல் படிந்திருந்தது. புருல் அதைக் கொத்துக்கரணைப் பிடியால் உடைத்துச் சாந்தில் ஊற்றினாள். விரல் வெடிப்புகளில் சுண்ணாம்பு ஏறி எரிந்தது. அந்த எரிச்சலை அவள் சட்டை செய்யவில்லை. அவளுடைய பயம் வேறு.

ஒன்பது மாடிக் கட்டடத்தின் முகப்பில் இரண்டு கம்பி வடங்களில் ஓர் இரும்புக் கூண்டு தொங்கியது. வெளிப்பூச்சுக்கு அதில்தான் ஏற வேண்டும். தொழிற்பள்ளிச் சுவர்களில் மூன்று மாதம் பூசியும் சுரண்டியும் பழகிய ஏழு பெண்களைக் கடைசி மாதப் பயிற்சிக்கு இங்கே அனுப்பியிருந்தார்கள். மேஸ்திரி பயிற்சி ஏட்டில் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இருந்தால் இரண்டு வருடத் தொழிற்பழகுநர் இடமும் விடுதியில் ஒரு கட்டிலும் உண்டு. போடாவிட்டால் சொந்த ஊர் நாரினுக்குத் திரும்பி அண்ணி வீட்டில் வறட்டி அடுக்க வேண்டியதுதான். கணவன் துரத்திவிட்டபின் அங்கே புருல் இரண்டு குளிர்காலங்களைக் கழித்திருந்தாள்; மூன்றாவது வேண்டாம்.

"இன்னிக்கும் இடது பக்கந்தானாடி எனக்கு? அந்த வடம் கிரீச் கிரீச்சுங்குது" என்றாள் புருல், கூண்டருகே வந்து.

"வடமா கத்துது? நீதான்க்கா கத்துறே" என்று சிரித்தாள் சைரகுல். பத்தொன்பது வயது, வாய் ஓயாதவள். "தள்ளு, அந்தப் பக்கம் நான் நிக்கறேன்."

"பாதுகாப்பு பெல்ட்?"

"அது மேஸ்திரி பெட்டியில தூங்குது. அதிகாரி வந்தாத்தான் முழிக்கும்."

இருவரும் ஏறினார்கள். கூரை மேலிருந்து இயந்திரக்காரன் தோக்தோசுன் விசையைத் திருப்ப, கூண்டு ஆடி ஆடி உயர்ந்தது. புருல் கீழே பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி இரண்டு கரணை சாந்து அடித்திருப்பாள். மூன்றாவதை எடுக்கக் குனிந்தபோது இடது பக்கம் சட்டென்று சரிந்தது. சாந்துத் தொட்டி உருண்டது. "அக்கா!" என்றொரு குரல் கேட்டது. புருல் இரண்டு கைகளாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். இரண்டாம் மாடி உயரத்திலிருந்து விழுந்த சைரகுல் கீழே செங்கல் குவியலின் ஓரத்தில் கிடந்தாள். ஒரு கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

கூண்டை மெல்ல இறக்கிப் புருலை மீட்டார்கள். ஆம்புலன்ஸ் போய் ஒரு மணி நேரம் ஆகியும் அவள் கம்பியைப் பிடித்த விரல்களை நீட்டி நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள்.

மதியம் மேஸ்திரி எர்மெக் ஆறு பெண்களையும் தன் தகர அறைக்கு அழைத்தார். வழக்கமாக வாசலிலேயே நிறுத்திப் பேசுகிறவர் அன்று உட்காரச் சொன்னார், தேநீர் ஊற்றினார், சூடு ஆறாத வட்ட ரொட்டி ஒன்றை மேசை நடுவில் வைத்தார். இத்தனை உபசாரத்தைப் பார்த்ததும் புருலுக்கு இன்னும் பயம் கூடியது.

"நாலு மணிக்கு பாதுகாப்பு ஆய்வாளர் வர்றார்" என்றார். "ஒண்ணும் பெரிசா இல்ல தங்கச்சிங்களா. சைரகுல் பெல்ட்டை அவளாவே கழட்டிட்டான்னு ஆளுக்கு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. போதும்."

"பெல்ட்டே தரலியேண்ணே?" என்றாள் கலிமான். நாற்பது தாண்டியவள், சந்தையில் உருளைக்கிழங்கு விற்றுவிட்டு வந்தவள், யாருக்கும் வாயடங்காதவள்.

எர்மெக் பாதுகாப்புப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் 'பெல்ட் பெற்றுக்கொண்டேன்' என்று ஏழு கையெழுத்துகள். இன்னும் வராத நாட்களுக்கும் சேர்த்து! தினமும் வரிசையில் நிற்கிற தொல்லை எதற்கு என்று முதல் நாளே மொத்தமாக வாங்கியிருந்தார். நல்ல மனிதர் என்று இவர்களும் சிரித்துக்கொண்டே போட்டிருந்தார்கள். நம் கழுத்துக்கு நாமே கயிறு திரித்த கதைதான்.

"அப்படி எழுதினா அவ ஆஸ்பத்திரிச் செலவு?" என்று கேட்டாள் கலிமான்.

"தப்பு அவளோடதுன்னா கம்பெனி எப்படிம்மா குடுக்கும்? ஆஸ்பத்திரி போனவளை விடுங்க. உங்க ஆறு பேரையும் நான் கைவிட மாட்டேன். ரொட்டி முன்னால சொல்றேன்." ஆறு பயிற்சி ஏடுகளை எடுத்து மேசையில் தட்டி அடுக்கினார். "எழுதினா இப்பவே கையெழுத்து. முதல்ல நீ எழுது புருல். கூட இருந்தவ நீதானே."

பேனா அவள் முன்னால் வந்தது. விடுதிக் கட்டில் கண்ணில் வந்தது, அண்ணியின் முகமும் வந்தது. எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தாள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. பேனாவை எடுக்கப் போன கை மேசையில் இருந்த ரொட்டியில் இடித்தது. அவள் பேனாவை விட்டுவிட்டு ரொட்டியை எடுத்தாள்.

"ரொட்டி முன்னால சொன்னீங்களே, கையில புடிச்சு சொல்லுங்கண்ணே. சைரகுலுக்குப் பெல்ட் குடுத்தேன்னு."

ரொட்டியைக் கையில் பிடித்துப் பொய் சொன்னவனை அந்த ரொட்டியே அடிக்கும் என்று கேட்டு வளராத பிள்ளை அந்த மண்ணில் இல்லை. எர்மெக்கின் கைகள் மேல்சட்டைப் பைக்குள் போயின. ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் அல்ல.

"நீ புடிச்சு சொல்லேன் பார்ப்போம். இடது பக்கம் உனக்குன்னு எழுதின இடம். அவ ஏன் அங்க நின்னா?"

புருல் ரொட்டியை இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

"நான் பயந்தேன். அதனால அவ நின்னா." கண்ணீர் கொட்டியது. "விழ வேண்டியவ நான். எங்க ரெண்டு பேருக்குமே பெல்ட் இல்ல. ஒரு நாளும் இல்ல."

கலிமான் எழுந்து ரொட்டியை அவளிடமிருந்து வாங்கினாள். "எனக்கும் இல்ல" என்றாள். "பதிவேட்டுல போட்ட கையெழுத்து என்னோடதுதான். புத்தி கெட்டுப் போட்டேன்." அடுத்தவளிடம் கொடுத்தாள். அவள் வாங்கினாள். ரொட்டி கைமாறிக் கைமாறிப் போயிற்று.

கடைசிப் பெண் சொல்லி முடித்தபோது, வாசலில் நின்றுகொண்டிருந்த தோக்தோசுன் உள்ளே வந்து கை நீட்டினான். பத்து வருடமாக அந்தக் கம்பெனியில் வாய் திறக்காமல் வேலை பார்ப்பவன்.

"வடம் நைஞ்சிருக்குன்னு மூணு நாள் முன்னாடியே இவர்கிட்ட சொன்னேன்" என்றான் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு. "சொல்லிட்டும் விசையைத் திருப்பினது நான்தான்."

எர்மெக் ஏடுகளை அள்ளி இரும்பு அலமாரியில் போட்டுப் பூட்டினார். "ஒருத்திக்கும் சான்றிதழ் கிடையாது. நாளைக்கு இந்த கேட்டைத் தாண்டி வந்துடுங்க பார்ப்போம். நீயும்தான்டா, தோக்தோசுன்!"

"வருவோம்ணே. கேட்டுல நின்னாவது கேப்போம்" என்றாள் கலிமான்.

பதிவேட்டின் மூடி வைத்த அட்டைமேலேயே தாளை விரித்து எழுதினார்கள்: பெல்ட் தரவில்லை, மாதக் கையெழுத்தை முதல் நாளே வாங்கினார், வடம் பழுது. கீழே ஏழு பெயர்கள், தோக்தோசுனையும் சேர்த்து. சைரகுலின் பெயருக்கு இடம் விட்டார்கள். மாலை ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடமும் வாங்குவதாகப் பேச்சு. புருலின் பெயர் கோணல்மாணலாக விழுந்தது.

"ஏண்டி, மூணு மாசம் மட்டம் பிடிக்கப் பழகினியே, இதான் லட்சணமா?" என்றாள் கலிமான்.

யாரும் கூண்டு ஏறவில்லை. முகப்புக்குக் கீழே கூட்டமாக நின்றார்கள். உள்பூச்சு செய்துகொண்டிருந்த ஆட்கள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் கரணையை வைத்துவிட்டு இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்கள்.

நாலு மணிக்கு ஒரு வெள்ளைக் கார் உள்ளே திரும்பியது. எர்மெக் சிரித்த முகத்தோடு ஓடினார், கதவைத் திறந்துவிட.

"நட" என்றாள் கலிமான்.

தாள் புருலின் கையில் இருந்தது. அவள் முதல் ஆளாக நடந்தாள். பின்னால் எல்லோருடைய காலடிச் சத்தமும் வந்துகொண்டிருந்தது.