மன்னிப்பு மேடை

அந்த கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் யாரும் யாரையும் கேலி செய்வதில்லை, அடிப்பதில்லை, சாப்பாட்டு டப்பாவை ஒளித்து வைப்பதில்லை. வாசலில் இருக்கும் ஃப்ளெக்ஸ் போர்டில் அப்படித்தான் போட்டிருந்தது. தென்காசியில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டால் காரியம் நடந்து முடிந்த மாதிரிதான். கணக்கு டீச்சர் லோகநாயகி தினமும் காலையில் ஸ்கூட்டியை நிறுத்தும்போது அந்த போர்டை ஒரு பார்வை பார்த்து, மூக்கைச் சுளித்துவிட்டுத்தான் உள்ளே போவாள். இங்கே இருபத்துநாலு வருஷமாகக் கணக்குச் சொல்லித்தருகிறாள். இதுவரை ஐந்து தலைமையாசிரியைகளைப் பார்த்தாயிற்று. ஐந்து பேரும் ஆளுக்கொரு திட்டத்தோடுதான் வந்தார்கள். இப்போதிருக்கும் சிஸ்டர் ஜெசிந்தா கொண்டுவந்தது அன்பு மரம்.

ஆளுயரத் தெர்மோகோல் மரம் அது. பழுப்பு பெயிண்ட் அடித்து, மேடையில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். நல்ல காரியம் செய்கிற பிள்ளைக்கு ஒரு பச்சைக் காகித இலை. இலையில் பேர் எழுதி மரத்தில் குத்த வேண்டும். அதிக இலை வாங்கும் வகுப்புக்கு, குற்றால சீசன் முடிவதற்குள் ஐந்தருவிக்கு ஒருநாள் டூர். மரத்தடியில் பூட்டுப் போட்ட ஒரு நீலப் பெட்டி. யாராவது தொந்தரவு செய்தால் எழுதி அதில் போடலாம்.

இதுவரைக்கும் சரி. இதற்கு மேல்தான் சிஸ்டர் தன் மூளையைப் பயன்படுத்தியிருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் காலை ஜெபம் முடிந்ததும், எண்ணூறு பிள்ளைகளுக்கு முன்னால் பெட்டியைத் திறப்பார்கள். சீட்டைப் பேர் ஊரோடு மைக்கில் வாசிப்பார்கள். தொந்தரவு செய்தவள், பட்டவள் இரண்டு பேரும் மேடையேற வேண்டும். செய்தவள் 'இனிமேல் செய்யமாட்டேன்' என்பாள். பட்டவள் 'நான் உன்னை முழுமனதோடு மன்னிக்கிறேன்' என்பாள். பிறகு சர்ச் பூசையில் செய்வதுபோல் இருவரும் கைகூப்பிச் சமாதானம் சொல்லிக்கொள்ள, எண்ணூறு பேரும் கைதட்ட, ஆளுக்கொரு இலை. மன்னித்தவளுக்கு ஒன்று. மன்னிக்கப்பட்டவளுக்கும் ஒன்று, மனந்திரும்பினாள் அல்லவா!

கொஞ்சமாவது புத்தியுள்ள எந்தப் பிள்ளை இந்தப் பெட்டிப் பக்கம் போகும்? முதல் வாரம் இரண்டு சீட்டு விழுந்தது. அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்து மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சிஸ்டர் அதைப் பள்ளி திருந்திவிட்டதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டார். லோகநாயகி வகுப்பாசிரியையாக இருந்த ஒன்பதாம் வகுப்பு பி பிரிவிலிருந்து மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒரு சீட்டு வந்தது. புகார் சொல்பவள் வேல்விழி. சொல்லப்படுபவள் அகிலாண்டேஸ்வரி. ஒன்பது வெள்ளிக்கிழமைகள் இப்படிப் போயின.

அகிலாண்டேஸ்வரி, பெற்றோர் சங்கத் தலைவர் கௌரிசங்கரின் மகள். அந்த மேடையே அவர் கட்டிக்கொடுத்ததுதான். படியேறும் இடத்தில் அவர் பேர் கல்லில் வெட்டியிருக்கும். ஒன்பது தடவை மன்னிக்கப்பட்டதில் மகளுக்கு ஒன்பது இலை சேர்ந்துவிட்டது. அதனால் சிஸ்டர் அவளுக்கு 'அன்புத் தூதர்' என்ற பேட்ஜையும் குத்திவிட்டார்.

வேல்விழி சுந்தரபாண்டியபுரத்துப் பிள்ளை. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் சூரியகாந்தி. வகுப்பில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'ஏட்டி சூரியகாந்தி' என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்கில் தொண்ணூறுக்குக் கீழே வாங்கத் தெரியாதவள். பேச்சு மட்டும் திக்கும். 'முழுமனதோடு மன்னிக்கிறேன்' என்று மைக்கில் சொல்லி முடிக்க அவளுக்கு ஒன்றரை நிமிஷம் ஆகும். அந்த ஒன்றரை நிமிஷமும் ஒன்பது பி கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கும். சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, "எவ்வளவு உள்ளத்திலேருந்து வருது பாருங்க" என்று உருகுவார்.

லோகநாயகியும் கைதட்டத்தான் செய்தாள். தட்டாமல் நின்றால் சிஸ்டர் கண்ணில் படும். ஆனால் ஸ்டாஃப் ரூமுக்கு வந்ததும், "பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு மைக் வச்ச ஒரே ஸ்கூல் நம்ம ஸ்கூல்தான்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். தனக்குத்தான் இந்தக் கூட்டத்தில் முதுகெலும்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டீ குடிப்பாள்.

பத்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை, வேல்விழியின் அம்மா மூக்கம்மாள் டிசி கேட்டு வந்து நின்றாள்.

"ரெண்டு நாளா சோறு எறங்கல டீச்சர். ஸ்கூல் பேரச் சொன்னாலே அழுவுதா. ஊர்ல கவர்மெண்ட் ஸ்கூல் இருக்கு, அங்கனயே படிக்கட்டும்."

சிஸ்டர் பதறிப்போனார். வெள்ளிக்கிழமை மறைமாவட்டக் கல்விக் குழுவிலிருந்து ஒரு ஃபாதர் வருகிறார். 'வன்முறையில்லாப் பள்ளி' விருதுக்குப் பார்வையிடுகிறார். ஒன்பது தடவை மன்னித்த பிள்ளையை அவர் முன்னால் நிறுத்துவதாகச் சொல்லியாகிவிட்டது.

"வெள்ளிக்கிழமை ஃபங்ஷனுக்கு மட்டும் அனுப்பி வைங்கம்மா. அது முடிஞ்ச உடனே டிசி கையில" என்றார் சிஸ்டர்.

மூக்கம்மாள் லோகநாயகியின் முகத்தைப் பார்த்தாள். லோகநாயகி மின்விசிறியைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம், ஒன்பது புகார்ச் சீட்டுகளையும் ஃபாதருக்காக ஒரு ஆல்பத்தில் ஒட்டும் வேலையை லோகநாயகி தலையில் கட்டினார்கள். முதல் சீட்டில் பசை தடவும்போதே கை நின்றுவிட்டது. வேல்விழி எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து எழுதுகிறவள். இந்தச் சீட்டிலோ கொழுத்த எழுத்து, அதுவும் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற இடத்திலெல்லாம் குட்டிக் குட்டி வட்டம். வகுப்பில் அப்படி வட்டம் போடுகிறவள் ஒருத்திதான். அவள் நோட்டைத் திருத்தித் திருத்தி லோகநாயகிக்குக் கண் பூத்திருந்தது. ஒன்பது சீட்டும் அதே வட்டம்தான். வேல்விழி ஒரு நாளும் புகார் எழுதவே இல்லை.

மறுநாள் அகிலாண்டேஸ்வரியை வராந்தாவில் மடக்கினாள். "ஏட்டி, இத யாரு எழுதுனது?"

அவள் கொஞ்சமும் அசரவில்லை. "நாந்தான் டீச்சர். அவளுக்கு எழுதப் பயம். ஹெல்ப் பண்ணேன். ஹெல்ப் பண்ணாலும் இலை உண்டுன்னு சிஸ்டர் சொல்லிருக்காங்களே, அதக்கூட நான் கேக்கல."

"அவ மைக்குல திக்கதப் பாக்கதுக்குத்தான எழுதுன?"

"டூர் போணும்ல டீச்சர். நம்ம கிளாஸ்தான ஃபர்ஸ்ட்டு நிக்குது."

'நம்ம கிளாஸ்' என்ற அந்த வார்த்தைக்கு மேல் லோகநாயகி அங்கே நிற்கவில்லை. சீட்டுகளை எடுத்துக்கொண்டு நேரே சிஸ்டர் அறைக்குப் போனாள். சிஸ்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அழகாக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"எழுதுனது யாரா இருந்தா என்ன மிஸ்? அந்தப் பிள்ளை மன்னிச்சது உண்மைதானே? மன்னிக்க ஒரு சந்தர்ப்பம் கிடைச்சுதுன்னு எடுத்துக்குவோம்."

"அவளப் போட்டு வதைக்கிறாங்க சிஸ்டர்."

"ஆல்பம் நாளைக்குள்ள ரெடி ஆயிரணும்."

இந்தப் பெண்மணியிடம் இதற்குமேல் பேச என்ன இருக்கிறது? லோகநாயகி வெளியே வந்தாள். இருபத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு வேடிக்கைப் பேச்சு எதுவும் வரவில்லை. ஓய்வுபெற இரண்டு வருஷம்தான் பாக்கி. என்ன செய்துவிடுவார்கள் என்று ஒரு வெறி வந்தது. வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையைப் பத்தாவது தடவையாக மேடையேற விடக்கூடாது, இந்தக் கூத்தை ஃபாதர் முன்னாலேயே நாறடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். ஒரு தாளில் நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, யாரும் இல்லாத நேரம் பார்த்து நீலப் பெட்டிக்குள் போட்டாள். அன்றைக்கு ராத்திரி வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஃபாதருக்கு மாலை, பொன்னாடை, ஆல்பம் எல்லாம் ஆயிற்று. கௌரிசங்கர் முதல் வரிசையில் வெள்ளை வேட்டியில் விறைத்து உட்கார்ந்திருந்தார். வாசலில் மூக்கம்மாள் குடையோடு நின்றாள். பெட்டியைத் திறந்து வாசிக்கும் மரியாதையை சிஸ்டர் ஃபாதருக்கே கொடுத்தார். உள்ளே வழக்கமான சீட்டோடு சேர்த்து இரண்டு சீட்டு இருந்தது. ஃபாதர் கைக்கு முதலில் அகப்பட்டது லோகநாயகியுடையது.

"வேல்விழியை ஒன்பது வெள்ளிக்கிழமை இந்த மேடையில் ஏற்றிக் கேலி செய்தார்கள்" என்று ஃபாதர் கணீரென்று ஆரம்பித்தார். "புகார்ச் சீட்டுகளை எழுதியது அவள் இல்லை, அகிலாண்டேஸ்வரி. அது தெரிந்தும் தலைமையாசிரியை இந்த விழாவை நடத்துகிறார்." குரல் இறங்கிக்கொண்டே போனது. "ஒன்பது தடவையும் பார்த்துக் கைதட்டியவள் நான். லோகநாயகி, கணக்கு ஆசிரியை."

கௌரிசங்கரின் காது சிவந்தது. லோகநாயகி நிமிர்ந்து நடந்து மேடையேறினாள். அந்தச் சில அடிகளில் தன்னைப் பற்றி அவள் வைத்திருந்த மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

சிஸ்டர் ஜெசிந்தாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. திகைத்துப்போன மனுஷிக்குத் தெரிந்தது ஒரே வழிதான், வழக்கம். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "வேல்விழி, மேலே வாம்மா" என்றார்.

லோகநாயகிக்கு அப்போதுதான் உறைத்தது. புகார் என்று ஒன்று வாசித்தால் இரண்டு பேரும் மேடைக்கு வர வேண்டும். அதுதான் விதி. எண்ணூறு பேருக்கும் மனப்பாடமான விதி. பிள்ளையை ஏற்றக்கூடாது என்று கிளம்பியவள், பிள்ளையின் பேரைப் பெரிதாக எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறாள். கணக்கு டீச்சராம்!

வேல்விழி வந்தாள். எண்ணெய் வைத்து அழுத்திப் பின்னிய இரட்டைச் சடை, சாரலில் நனைந்த சட்டை. கௌரிசங்கரின் பேர் வெட்டிய படியில் பத்தாவது தடவையாகக் கால் வைத்து ஏறினாள். மைக்குக்கு முன்னால் பழகிய இடத்தில் போய் நின்றாள்.

"என்னைய மன்னிச்சிரும்மா" என்றாள் லோகநாயகி. குரல் நிஜமாகவே உடைந்தது.

வேல்விழி அவளைப் பார்த்தாள். உதடு திறந்து, மூடி, திரும்பத் திறந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"டீ... டீச்சர்..." நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். "நீங்களும்... எ... என்னைய... இங்கனதான ஏத்துனீங்க?"

பிள்ளை சிஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"டிசி" என்றாள். அது திக்கவில்லை.

சிஸ்டர் பழக்கதோஷத்தில் இரண்டு இலைகளை நீட்டினார். வேல்விழி தன் இலையை வாங்கவில்லை, இறங்கிப் போய்விட்டாள். ஃபாதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏதோ முடிந்துவிட்டது என்று மட்டும் புரிந்து கைதட்டினார். அவர் தட்டியதும் எண்ணூறு பேரும் தட்டினார்கள். பத்து வாரப் பயிற்சி வீண்போகுமா? இரண்டாவது சீட்டை எடுக்க ஃபாதர் கையை விடுவதற்குள் சிஸ்டர் பெட்டியை மூடிவிட்டார்.

டிசியை லோகநாயகியே உட்கார்ந்து எழுதி, கையெழுத்து வாங்கி, வாசலுக்குக் கொண்டுபோனாள். சாரல் சத்தத்தில் மைக்கில் சொன்னது எதுவும் காதில் விழாத மூக்கம்மாள், "நீங்க நல்லா இருப்பீங்க டீச்சர்" என்று கும்பிட்டு, அதைப் பிளாஸ்டிக் கவரில் வைத்துச் சுருட்டினாள். வேல்விழி கவரை வாங்கிப் பிரித்து, சீல் அடித்திருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்தாள். அம்மாவும் மகளும் ஒரே குடையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள். லோகநாயகி கூப்பிட நினைத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது?

விருது அடுத்த மாதம் வந்தது. தவறு செய்த ஆசிரியையே மேடையேறிப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் பள்ளியைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று ஃபாதர் எழுதியிருந்தாராம். கைதட்டல்தான் அவர் காதில் நின்றது போலிருக்கிறது. அகிலாண்டேஸ்வரி விஷயத்தை சிஸ்டர் 'பிள்ளைகளுக்குள் ஏற்பட்ட புரிதல் பிழை' என்று விளக்கிவிட்டார். ஒன்பது பி ஐந்தருவிக்குப் போய்வந்தது. மரத்தின் உச்சியில் லோகநாயகி பேரில் ஒரு இலை தொங்கியது. இரண்டு தடவை பிய்த்துப் போட்டாள். இரண்டு தடவையும் மறுநாள் காலையில் புதிதாக ஒன்று குத்தியிருந்தது.

வாசலில் பழைய ஃப்ளெக்ஸை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்திருக்கிறார்கள். நடுவில் சிஸ்டர் விருதோடு நிற்கிறார், ஓரத்தில் லோகநாயகி கைகூப்பிக்கொண்டிருக்கிறாள். இப்போதெல்லாம் அவள் ஸ்கூட்டியைக் கொண்டுபோய்ப் பின்வாசலில் நிறுத்துகிறாள்.