குதித்தாலும் அசையாத ட்ரெயிலர்

கிண்ணியாவில் உழவு மெசினுக்கு ட்ரெயிலர் வாங்க வருகிறவர்கள் முதலில் அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்ப்பார்கள். தனியாகவும் வரமாட்டார்கள். மச்சான், அயல்வீட்டுக்காரர், வழியில் கண்டவர் என்று ஒரு கூட்டத்தையே கூட்டிவந்து, பின்பலகையில் நின்று திம்திம் என்று குதிப்பார்கள். பலகை கொஞ்சம் தாழ்ந்தாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்கள். ஸெய்னுதீனின் பட்டறையிலிருந்து அப்படி எவரும் போனதில்லை. அந்தப் பெருமை அவருக்குத் தலைக்கு மேலே இருந்தது. இருக்கட்டும், உழைத்துத் தேடிய பெருமைதானே. ஆனால் பெருமையை எங்கே கழற்றி வைப்பது என்றும் மனிதனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உப்புவெளிச் சிவகுரு அவருடைய நெடுநாள் கூட்டாளி. ஜெர்மனியில் வேலை செய்த காலத்தில் கிளைடர் ஓட்டப் பழகியவர். எஞ்சின் இல்லாமல் காற்றிலேயே மிதந்து வரும் சின்ன விமானம் அது. ஊருக்குத் திரும்பியதும் மரச்சட்டமும் துணியும் பசையுமாகத் தானே ஒன்றை வீட்டு மண்டபத்தில் கட்டத் தொடங்கினார். மனைவி இராசமலர் கதிரைகளைக் குசினிக்குள் தள்ளிவிட்டு வருடக்கணக்காகப் பொறுத்துக்கொண்டாள். "எஞ்சினை எங்க மறந்து விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று அயலார் பகிடி விட்டார்கள். ஸெய்னுதீன் மட்டும் பகிடி விடவில்லை. நேரம் கிடைத்தபோதெல்லாம் வந்து, பசை காயும்வரை சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஒருவழியாகக் கிளைடர் முடிந்தது. ஹபறணைக்கு அப்பால் ஒரு பழைய ஓடுபாதையில் பறக்க அனுமதியும் கிடைத்தது. அதற்குள் சிவகுருவின் கண் பழுதாகத் தொடங்கியிருந்தது. இந்த வருடத்தோடு சரி, இனிமேல் பறக்கச் சான்றிதழ் தரமாட்டேன் என்று டொக்டர் கையை விரித்துவிட்டார். இந்த முறை பறந்தால்தான் உண்டு. கிளைடரின் இறக்கைகளைக் கழற்றி அங்கே கொண்டுபோக ஒரு நீளமான, மூடிய ட்ரெயிலர் வேண்டும். அதைச் செய்ய ஸெய்னுதீனை விட்டால் வேறு ஆள் யார்?

"தம்பி, சில்லுக்கு றப்பர் அச்சுத்தான் போடவேணும்," என்றார் சிவகுரு. "குழாய்க்குள்ள றப்பர் இருக்கும். சில்லு குழியில விழுந்தா அது நசிஞ்சு குடுக்கும், மேல இருக்கிற சாமானுக்கு அடி ஏறாது. கிளைடர் பாரமில்லைத்தானே, சின்ன அச்சே காணும்."

பிரேக்கையும் அவரே தெரிவு செய்தார். முன்னால் போகும் பிக்கப் வேகம் குறைய, ட்ரெயிலர் அதை முட்டித் தள்ளும். அந்தத் தள்ளலே ட்ரெயிலரின் சொந்த பிரேக்கைப் பிடிக்கும். கேட்ட மாத்திரத்தில் ஸெய்னுதீனுக்குப் பிடித்துப்போயிற்று. சொன்னபடியே பூட்டினார்.

அச்சு விஷயத்தில்தான் மனம் ஒப்பவில்லை. கொழும்பிலிருந்து வந்த றப்பர் அச்சு பார்க்க நோஞ்சானாக இருந்தது. போகிற வழியில், கந்தளாய்க் காட்டில், யானை நிற்கிற இடத்தில், இது முறிந்தால் சிவகுரு அண்ணனின் கதி என்ன? அவர் அதைச் சுவரோரம் சாத்திவிட்டு, நெல் ட்ரெயிலருக்குப் போடும் தடித்த ஸ்பிரிங் தகடுகளையும் அச்சையும் பூட்டினார். பாசத்தில்தான் செய்தார், பாவி மனிதர்.

சிவகுரு பார்க்க வந்த அன்று பட்டறையில் நின்ற எல்லாரும் பின்பலகையில் ஏறிக் குதித்தார்கள். ட்ரெயிலர் இம்மியும் அசையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். சிவகுரு மட்டும் குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தார்.

"இது கனக்க இறுக்கமில்லையோ, தம்பி?"

"என்ட கையால செஞ்சது அண்ணன். என்னை நம்ப ஏலாதா?"

அப்படிக் கேட்டால் எந்த மனிதன்தான் ஏலாது என்பான்? "ஓம், சரி," என்றார் சிவகுரு.

பறக்கிற நாளன்று விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு, கிளைடரை ஏற்றிய ட்ரெயிலரோடு ஸெய்னுதீனே பிக்கப்பை ஓட்டினார். தம்பலகாமம் தாண்டியதும் ஒரு யானை ரோட்டுக்குக் குறுக்கே வர, பிரேக்கை அமத்தினார். ட்ரெயிலர் பூப்போல நின்றது. "பாத்தீங்களா அண்ணன்?" என்று சிரித்தார். அதன்பிறகு ரோடு குண்டும் குழியுமாக இருந்தது.

ஓடுபாதையில் கதவைத் திறந்து இறக்கையை இறக்கினார்கள். சிவகுரு அதன் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் பெருவிரலால் அமத்தினார். உள்ளே மரம் கிறீச்சிட்டது. நடுச்சட்டம் நீளத்துக்குப் பிளந்திருந்தது. மற்ற இறக்கையிலும் பசை விட்டிருந்தது. பரிசோதிக்க வந்திருந்த அதிகாரி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். திருத்தலாம், ஆனால் ஒரு வருடமாவது செல்லும் என்றார்.

ஸெய்னுதீன் ட்ரெயிலருக்கு அடியில் புகுந்து பார்த்தார். ஒரு நட்டுக்கூடத் தளரவில்லை. அங்கே, மண்ணில் மல்லாந்து கிடந்தபோதுதான் அவருக்கு விளங்கியது. வெறும் ட்ரெயிலர் ரோட்டில் துள்ளும், நெல் ஏற்றினால்தான் பதிந்து ஓடும் என்பது கிண்ணியாவில் எவருக்குத் தெரியாது? வெறும் பெட்டியோடு போகிறவனுக்கு, "ரெண்டு மூட்டை மண்ணைப் போட்டுக்கிட்டுப் போ" என்று அவரே எத்தனை தரம் சொல்லியிருப்பார்! அந்தத் தகடுகளுக்கு ஒரு கிளைடர் எம்மாத்திரம்? அண்ணனின் இத்தனை வருட உழைப்பை வெறும் பெட்டியில் போட்டுக் குலுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். எழும்பி வந்து அந்த முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அப்படியே கிடந்தார்.

சிவகுருதான் குனிந்து கை கொடுத்தார்.

"என்னை ஏசுங்க அண்ணன்."

"வாங்கோ, போவம். இராசமலர் பாத்துக்கொண்டிருப்பாள்."

திரும்பும்போது ஸெய்னுதீன் ஒவ்வொரு குழிக்கும் பிக்கப்பை நிறுத்தி, சில்லைப் பார்த்துப் பார்த்து இறக்கினார். பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டிவிட்டு முந்திப் போனார்கள். கந்தளாய் வரை சிவகுரு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார். பிறகு ஸெய்னுதீனின் தோளில் கையை வைத்தார்.

"கெதியா ஓட்டுங்கோ தம்பி," என்றார். "இனி என்ன உடையப்போகுது?"