வண்டி வராத ஞாயிறு

என் தம்பி அமெரிகோ, இத்தாலியின் சியெனா நகரத்தில் முப்பது வருடம் கார் விற்றவன். ஓய்வு பெற்ற மறுவருடமே கார் புகை பட்டால் மூக்கைப் பொத்திக்கொள்ள ஆரம்பித்துவிட்டான்.

பள்ளத்தில் இருக்கும் எங்கள் திராட்சைத் தோட்டத்திலிருந்து மேட்டில் இருக்கும் வீட்டுக்கும் ஒயின் கிடங்குக்கும் ஏறுவது ஒரு வெள்ளைச் சரளைப் பாதை. ஒரு கார் போனால் போதும், கொடியெல்லாம் மாவு பூசிக்கொள்ளும். அந்தப் பாதைக்குத் தார் போடு என்று ஊரில் கத்தியவர்களிலேயே பெரிய தொண்டை அமெரிகோவுடையது. பிறகு வடக்கிலிருந்து தடித்த சக்கரச் சைக்கிளோடு வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். சரளையைக் கண்டு உருகினார்கள். தம்பியும் உருகினான். இறுக்கமான பளபளச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டான். சைக்கிளை இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவான். திராட்சைக் கூடையைத் தூக்கச் சொன்னால் மட்டும் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அதோடு விட்டானா? ஊர் சபையில் பேசிப் பேசி ஒரு தீர்மானம் வாங்கினான். செப்டம்பர் மாதம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பாதையில் எந்த வண்டியும் வரக்கூடாது. இரு முனையிலும் சங்கிலி, சாவி அவனிடம். செப்டம்பரில்தானே குலை வெட்டுவோம் என்று நான் எழுந்து சொன்னேன். எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டான்:

"வாரத்துல இன்னும் ஆறு நாள் இருக்கேக்கா. திராட்சை ஒரு நாள் பொறுத்துக்காதா?"

சபை சிரித்தது. அதில் பாதிப் பேருக்குச் சொந்தத் தோட்டம் உண்டு. சைக்கிள்காரர்களுக்கு வாடகைக்கு விட அறையும் உண்டு. எனக்கு அறை இல்லை, தோட்டம் மட்டும்தான். அப்பா அதை எங்கள் இருவர் பெயரிலும் எழுதியிருந்தார். உழைப்பு என்னுடையது. விருந்தாளிகளுக்கு ஒயின் ஊற்றும்போது "நாங்க வளர்த்த கொடி" என்று சொல்வது அவனுடையது.

அந்த வருடச் செப்டம்பரின் கடைசி ஞாயிறு. காலையிலேயே இரண்டு வேன்கள் பாதையில் ஏறின. மேசை, வெள்ளைத் துணி, பாலாடைக்கட்டி, பன்றித் தொடை இறைச்சி எல்லாவற்றையும் நடுவழியில் ஓக் மரத்தடியில் இறக்கிவிட்டுப் போயின. அவை போன பிறகுதான் வண்டியில்லாப் பாதைக்குச் சங்கிலி விழுந்தது.

நான் அன்று வெட்டுவதாக இல்லை. ஆனால் மேற்கே வானம் ஈயம் போலக் கறுத்து வந்தது. ஆலங்கட்டி விழப்போகிறது என்று வானிலை அறிவிப்பும் சொன்னது. டோய்னாவைக் கூப்பிட்டேன். ருமேனியாவிலிருந்து வந்து பல வருடமாக என்னோடு குலை வெட்டுகிறவள். அவள் தன் உறவுக்காரர்கள் நால்வரோடு வந்து இறங்கினாள். பேச்சே இல்லை, கத்தரி மட்டும் ஓடியது. டிரெய்லர் நிறைந்தது. சங்கிலி திறந்திருந்தால் மேலே கொட்டிவிட்டு ஒரு நொடியில் திரும்பிவிடலாம். இல்லையென்றால் ஆற்றைச் சுற்றித் தார்ச்சாலையில் போகவேண்டும். அதற்குள் வானம் காத்திருக்காது.

அமெரிகோவுக்குப் போன் செய்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே எடுத்தான். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவை திறந்துவிடு, ஆலங்கட்டி வருகிறது என்றேன்.

"அக்கா, சொந்த அக்காவுக்கே திறந்துவிட்டா நாளைக்கு ஊரு என்ன பேசும்? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே. சாயங்காலம் திறந்துடுறேன்."

வைத்துவிட்டான். சுற்றுவழியில் போனேன். டிரெய்லரைக் கிடங்கில் காலி செய்துவிட்டு மறுபடி ஆற்றுப் பாலத்தை எட்டும்போது ஆலங்கட்டி விழத் தொடங்கியது. பாக்கு அளவு, பிறகு நெல்லிக்காய் அளவு. டிராக்டரின் தகரக் கூரையில் அடித்த சத்தத்தில் நான் அழுததுகூட எனக்குக் கேட்கவில்லை. ஓய்ந்தபோது தோட்டத்தை அடைந்தேன். வெட்டாமல் விட்ட பாதியில் இலை இல்லை. குலைகள் மண்ணில் நசுங்கிக் கிடந்தன. டோய்னா வேலியோரம் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அக்கா, அங்க பாருங்க," என்றாள்.

பாதையின் கீழ்முனையில் சங்கிலி தரையில் கிடந்தது. காலையில் வந்த வேன்கள் இரண்டோடு இன்னும் நாலைந்து வண்டிகள் சேர்ந்து ஏறிக்கொண்டிருந்தன. நனைந்த விருந்தாளிகளை அள்ளிக்கொண்டு போவதற்கு.

நான் யோசிக்கவில்லை. டோய்னா பின்னால் தொற்றிக்கொள்ள, குறுக்குத்தடத்தில் ஏறி முந்திக்கொண்டு, ஓக் மரத்துக்குக் கீழே பாதை குறுகும் இடத்தில் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தி இஞ்சினை அணைத்தேன். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஹாரன் அடித்தன. மேலிருந்து அமெரிகோ ஓடிவந்தான். சைக்கிள் செருப்பு சேற்றில் வழுக்க, வாத்து மாதிரி நடந்து வந்தான்.

"அக்கா, ஜனங்க குளிர்ல நடுங்குறாங்க. டிராக்டரை எடு."

"இது வண்டி வராத பாதைடா. சாயங்காலம் எடுக்கிறேன்."

"விளையாடாதக்கா. இது அவசரம்."

"என்னோடது என்னவாம்?"

தோட்டத்தைக் காட்டி, பாருடா என்றேன். பார்த்தான். அப்பா நட்ட கொடிகள், அவன் தவழ்ந்து விளையாடிய வரிசைகள். பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அதுக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கே."

அந்த ஒரு சொல்லில் எனக்குக் கோபம்கூட வற்றிப்போனது. மரத்தடியில் விபெக்கெ என்று ஒரு ஜெர்மன்காரி, உதடு நீலம் பாரித்து நின்றிருந்தாள். அவள் டோய்னாவிடம் என்ன நடந்தது என்று கேட்டாள். டோய்னா ஜெர்மனியில் வேலை பார்த்தவள். மிச்சம் வைக்காமல் சொன்னாள். விபெக்கெ அமெரிகோவை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வேனில் ஏறாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு தூறலில் இறங்கிப் போனாள். மற்றவர்கள் ஏறக் காத்திருந்தார்கள். ஒருவர் மேசைத்துணியைப் போர்த்தியபடி, இங்கே ஏற்பாடு சரியில்லை என்று முணுமுணுத்தார். நடுங்குகிறவர்களைப் பிடித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. டிராக்டரை ஓரம் கட்டினேன்.

அன்று இரவு அவன் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்: பங்கு பிரி. கெஞ்சினான், பிறகு முறைத்தான். கடைசியில் பாதையோரப் பங்கை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். விருந்தாளிகளுக்கு மேசை போட வசதியாம்.

பனிக்காலம் போனது. என் கொடிகளின் பழைய கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தேன். அவனுடையவை அப்படியே கிடந்தன. வசந்தத்தில் காடாய்ப் படர்ந்தன. அதற்கும் அவனிடம் ஒரு சொல் இருந்தது. "இயற்கையோட போக்குல விட்டிருக்கோம்" என்று சைக்கிள்காரர்களுக்குச் சொன்னான். அவர்கள் கைதட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் அவன் வரிசைகளில் சாம்பல் நோய் இறங்கியது. பூஞ்சைக்கு வேலி தெரியாது. இரண்டே நாளில் என் பக்கத்து இலைகளிலும் வெள்ளைப் புள்ளி. திட்டிக்கொண்டே டிராக்டர் தொட்டியில் கந்தகக் கரைசலை நிரப்பினேன். நீளக் குழாயை இழுத்துத் தெளித்து என் வரிசைகளை முடித்துவிட்டு அவனுடையவற்றுக்குள்ளும் நுழைந்தேன். அவனுக்காக இல்லை. அதற்குத் தெளிக்காமல் என்னுடையதற்கு மட்டும் தெளித்து என்ன பிரயோசனம்?

பாதியில் சைக்கிள் மணி கேட்டது. பாதையில் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் சிறுத்திருந்தது.

"ரொம்ப நன்றிக்கா," என்றான்.

"நன்றியை நீயே வச்சுக்கோ. அந்தச் சைக்கிளைக் கீழ போட்டுட்டு வந்து குழாயைப் பிடி."

வந்தான். பளபளச் சட்டையோடு குழாயைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நடந்தான். இருமினான், ஆனால் விடவில்லை. ஒரு வரிசை முடிந்தது. இரண்டாவதில் திரும்பும்போது அவன் போன் அடித்தது. ஏதோ பத்திரிகைக்காரர்கள், வண்டியில்லாப் பாதை பற்றிப் பேட்டி வேண்டுமாம். ஒரு நிமிஷம் என்று கை காட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

குழாயை நானே தோளில் போட்டுக்கொண்டு மிச்ச வரிசைகளை முடித்தேன்.