இருளப்பசாமியின் வலது கால்

மதுரை ஆஸ்பத்திரியில் இருளப்பசாமியின் வலது காலில் விரல்கள் ஐந்தையும் எடுத்த அன்று, எம்.ரெட்டியபட்டியில் அவருடைய கல்யாண மண்டபம் நூறடியிலிருந்து எண்பதடிக்குக் குறுகியது. ஒரு செங்கல்கூட உடையவில்லை. பந்தியில் ஒரு வரிசை குறையுமே என்பதுதான் ஊருக்குக் கவலை.

மண்டபத்தை வடிவமைத்தவள் அவர் மகள் ரேணுகாதேவி. தூணே கிடையாது. நான்கு முனையில் பிடித்து உலர்த்தும் ஈரவேட்டி காற்றில் உப்புவது போலச் செங்கல் கூரை மேலெழும்பி வளைந்திருக்கும். அதைத் தாளில் வரைய முடியாது என்று கம்ப்யூட்டரில் விதிகளாக எழுதினாள். ஒரு கல் பக்கத்துக் கல்லைவிட எவ்வளவு சாய வேண்டும் என்பது ஒரு விதி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு அளவு. அதை மாற்றினால் முப்பதாயிரம் கல்லும் இடம் மாறும். கொத்தனார் ஆண்டிச்சாமி, "மொதலாளி காலை அளக்காம நான் நூல் பிடிக்க மாட்டேன்" என்று நின்றுவிட்டார். மனை கோலி அளவு குறிப்பதற்கு வீட்டுக்காரர் பாதம்தான் அளவு என்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஏதோ ஒரு எண்தானே என்று அப்பாவின் வலது பாதத்தை அளந்து பத்தேகால் அங்குலம் என்று போட்டாள். வேலை முடிய நான்கு வருடம் ஆனது.

சர்க்கரைப் புண் மேலே ஏறியது. ஒரு வாரத்துக்குள் முழங்காலோடு எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்றார் டாக்டர். இருளப்பசாமி மறுத்துவிட்டார். "காலு போனா மண்டபம் போயிரும் தாயி. அது நீ கட்டுனது. இருந்துட்டுப் போகட்டும்." அவருக்கு அது மகளின் முகம் மாதிரி. மண்டபத்தை அப்பா காலிலிருந்து பிரித்துவிடலாம் என்று ரேணுகாதேவி தன் பாதத்தின் அளவைப் போட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டர் ஏற்றது, கட்டடம் ஏற்கவில்லை. ஊரில் பதினேழு பேரின் காலை அளந்தாள். கல் அசையவில்லை. ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்குப் பூஜ்யம் என்று போட்டாள். அது யாருடைய காலும் இல்லை என்பதால் மண்டபம் ஏற்றுக்கொண்டது. வைக்கோல் படப்பு அளவாகி, பருத்திப் பொதி அளவாகி, ஒற்றைக் கல்லாகி, பிறகு கரிசல் மட்டும் கிடந்தது. அவள் வாய்விட்டு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

"மண்டபம் இல்லப்பா. இனி காலை வச்சு என்ன செய்யப் போறீக. கார் நிக்கி, வாங்க."

"யாரு எடுத்தது?"

"நாந்தான்."

அவர் வலது காலை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினார்.

இப்போது இருளப்பசாமி கட்டைக்கால் ஊன்றி நடக்கிறார். ஐப்பசியில் சுற்றிலும் மழை அடித்து ஊற்றும்போது மண்டபம் நின்ற அந்த வெற்று நிலத்தில் மட்டும் சொட்டு விழுவதில்லை. ஊர்க்காரர்கள் அங்கே வற்றலும் மக்காச்சோளமும் காயப்போடுகிறார்கள், இடம் பிடிக்கச் சண்டையும் உண்டு. ரேணுகாதேவி ஊருக்கு வந்தால் அங்கே அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவாள். இரண்டு பேரும் நனையாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.