தளபதி மண்டியிட்ட அத்தியாயம்

மண்ணுக்கடியில் வாழும் வேரோர், மலையுச்சியில் வாழும் சிறகோர் என்று ஒரு கிரகத்தில் இரண்டு கூட்டம். அவர்களின் பகையைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடருக்கு ரசிகர்கள் ஏராளம். அந்தத் தொடரில் சொல்லாமல் விட்டுப்போன பகுதியை நாவலாக எழுதும் வேலை ஒருத்திக்குக் கிடைத்தது. அதுவரை சலவை இயந்திரங்களுக்குக் கையேடு எழுதிக்கொண்டிருந்தவள். சுரங்கத்தில் சிக்கிய குழந்தைகளுக்காக வேரோரின் தளபதி எதிரி முன்னால் மண்டியிடுவதாக ஓர் அத்தியாயம் எழுதினாள்.

வந்தது வினை. தளபதியைக் கோழையாக்கிவிட்டாள் என்று வேரோர் ரசிகர்கள் இணையத்தில் கொதித்தார்கள். தங்களை அரக்கர்களாக்கிவிட்டாள் என்று சிறகோர் ரசிகர்கள் பொரிந்து தள்ளினார்கள். அவளும் கணவனும் அவற்றை வாசித்துச் சிரித்தார்கள், 'காவல்வேர்' என்ற புனைபெயரில் ஒரு குறிப்பு வரும்வரை.

'நீலக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எங்கள் தளபதியை மண்டியிட வைத்தாய். ஞாயிற்றுக்கிழமை நேரில் கேட்கிறேன்.'

அவர்கள் வீட்டுக் கதவு நீலம்தான். அன்று மாலையே கணவன் அதற்குப் பழுப்பு வண்ணம் அடித்தான். ஞாயிற்றுக்கிழமைதான் புத்தகக் கடை மாடியில் வாசகர் சந்திப்பு. அவனுக்கு அன்று வேலை. போக வேண்டாம் என்றான். பயந்து உட்கார்ந்தால் அப்புறம் எழுதவே முடியாது என்று இவள் கிளம்பினாள். துணைக்கு நாத்தனார் வந்தாள்.

"கை என்ன அண்ணி இப்படிச் சில்லுனு இருக்கு? நான் இருக்கேன்ல?" என்றாள் அவள். நாவலில் ஒரு பக்கம்கூட வாசிக்காதவள்.

முன்வரிசையில், முகமெல்லாம் பச்சை வேர்கள் வரைந்த ஒரு தடியன் உட்கார்ந்திருந்தான். இவன்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவன் எழுந்தபோது நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தளபதி மண்டி போட்டது தப்பு. முதல்ல ஆள் அனுப்பிப் பேசியிருக்கணும்," என்றான். "ரெண்டு நாளா எனக்குச் சாப்பாடே இறங்கலங்க."

"உங்க ஆளுங்க எங்களைப் பேச விட்டாத்தானே?" என்று பின்னாலிருந்து ஒரு சிறகோர் ரசிகை கத்த, அரங்கம் இரண்டுபட்டது. கடைக்காரர் தொண்டை கிழியச் சமாதானம் செய்தார்.

கையெழுத்து வாங்க வரிசை நின்றது. மடிப்புக் கலையாத சட்டையும் படிய வாரிய தலையுமாக ஒரு பெண் புத்தகத்தை நீட்டினாள். மண்டியிடும் அத்தியாயம் முழுவதும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண் குனிந்து, இதமாகச் சொன்னாள்:

"கதவுக்குப் பழுப்பு எடுப்பா இல்லீங்க. நீலமே நல்லா இருந்துச்சு."

இவள் பேனாவைக் கீழே வைத்தாள். எல்லோரும் கிளம்பிய பிறகு யாரிடமாவது சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எல்லாரும் கேளுங்க. இவங்க என் வீட்டு வாசல் வரைக்கும் வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க. என்னை மிரட்டி எழுதினதும் இவங்கதான்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் வாசகி. கருத்துச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு," என்றாள் அந்தப் பெண், முகம் மாறாமல்.

"சொல்லுங்க. காறிக்கூடத் துப்புங்க. புத்தகத்து மேல. என் வாசல்ல வேணாம். எனக்கு உங்களைப் பார்த்தா பயமா இருக்கு."

பச்சை முகத்தான் அவளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே வந்து நின்றான். "நீங்க எங்க பக்கம்னு வெளியில சொல்லிக்காதீங்க," என்றான். கத்திய சிறகோர் ரசிகை அவன் பக்கத்தில் வந்து நின்றாள். கடைக்காரர் போலீசுக்குப் போன் போட்டார். அந்தப் பெண் புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, அவசரமில்லாமல் படியிறங்கினாள்.

போலீசார் வாக்குமூலம் வாங்கினார்கள். இணையத்தில் வந்த மிரட்டல் குறிப்பை வைத்து அந்தப் பெண்ணைப் பிடித்து எச்சரித்ததாகப் பிறகு தகவல் வந்தது. அதன்பின் 'காவல்வேர்' எதுவும் எழுதவில்லை. என்றாலும் பல நாள் கதவுச் சத்தம் கேட்டாலே அவள் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைச் சரிபார்த்தாள்.

அன்று சந்திப்பு முடிந்ததும் பச்சை முகத்தானும் சிறகோர் ரசிகையும் பேருந்து நிறுத்தம் வரை துணைக்கு வந்தார்கள், வழி முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே. "அந்தக் கிரகத்துக்காரங்களே தேவலை அண்ணி," என்று நாத்தனார் காதில் முணுமுணுத்தாள்.

மறுநாள் பச்சை முகத்தானின் விமர்சனம் வந்தது. இரண்டு நட்சத்திரம். 'எழுதியவர் தைரியசாலி. நாவல் சவசவ.'

"சவசவவாம்! இவனுக்கு என்ன தெரியும்?" என்று அவள் போனைச் சோபாவில் எறிந்தாள். சுத்தமான கோபம். அதில் பயம் துளியும் இல்லை. சற்று நேரம் கழித்து மடிக்கணினியைத் திறந்து, அடுத்த நாவலின் முதல் வரியை அடித்தாள்.